பல்லாவரம்: வழியில் இருந்த ஊரின் வளர்ச்சிக் கதை

ஒரு நாடு வளர்ந்த நாடா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பள்ளிப் புத்தகங்கள் ஒரு பட்டியல் தரும். நல்ல சாலை, ரயில், விமானம், மின்சாரம், தபால் தந்தி, தொழிற்சாலை, ஏற்றுமதி. இவை எல்லாம் இருந்தால் அது வளர்ந்த நாடு.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு 1932-ஆம் ஆண்டில் ஒருவர் பல்லாவரத்தில் நின்றிருந்தால் என்ன பார்த்திருப்பார்? தெற்கே போகும் பெரிய டிரங்க் ரோடு. அதன் அருகிலேயே மின்சார ரயில். பக்கத்திலேயே விமானம் இறங்கும் மைதானம். சற்றுத் தள்ளி வெளிநாட்டுக்குப் போகும் தோலைப் பதனிடும் தொழிற்சாலை. பட்டியலில் உள்ள எல்லாமே இருந்தன! அப்படியானால் பல்லாவரம் அப்போதே வளர்ந்த ஊராகிவிட்டதா? இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் இல்லை என்பதுதான் கேள்வி.

கல்லில் தொடங்கிய வியாபாரம்

பல்லாவரம் பழைய ஊர். எவ்வளவு பழையது என்றால், 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர் இங்கே ஒரு சரளைக் குழியில் கற்காலக் கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அறிவியல் உலகம் ஏற்றுக்கொண்ட முதல் சான்றுகளில் அது ஒன்று. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரையும் இங்கே உண்டு. அது இன்று தர்காவாக இருக்கிறது. பல்லவபுரம் என்ற பெயரே மருவிப் பல்லாவரம் ஆனது.

இந்த ஊரின் பாறைக்கும் ஒரு கதை இருக்கிறது. கல்கத்தா நகரத்துக்கு அடிபோட்ட ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக் 1690களின் தொடக்கத்தில் இறந்தார். அவருடைய கல்லறையின் மேல் வைக்கப்பட்ட கருங்கல், பரங்கிமலை - பல்லாவரம் பக்கத்தில் கிடைக்கும் அதே வகைப் பாறை. இருநூறு ஆண்டுகள் கழித்து, 1893-இல், டி.எச். ஹாலண்ட் என்ற அறிஞர் இந்தப் பாறை வகைக்கு அவர் பெயரையே வைத்து 'சார்னோக்கைட்' என்றார். இன்று உலகம் முழுவதும் நிலவியல் மாணவர்கள் படிக்கும் பெயர் அது. கல் இந்த ஊருடையது, பெயர் கல்கத்தாவில் புதைந்த ஒரு வியாபாரியுடையது!

இதை ஒரு சிறு வேடிக்கை என்று விட்டுவிடலாம். ஆனால் பல்லாவரத்தின் பிற்கால வரலாறு முழுவதும் ஏறக்குறைய இதே மாதிரிதான் நடந்தது.

இரும்புப் பாதையும் மின்கம்பியும்

ஆங்கிலேயர் காலத்தில் பரங்கிமலையும் பல்லாவரமும் ராணுவக் குடியிருப்புகள் ஆயின. இன்றும் 'கண்டோன்மென்ட்' என்ற சொல் இந்தப் பகுதியில் எல்லோர் வாயிலும் புழங்குகிறது. கோட்டையில் இருந்து தெற்கே படை போவதற்குச் சாலை வேண்டும். அந்தச் சாலைதான் கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு, அதாவது இன்றைய ஜி.எஸ்.டி. ரோடு. நீண்ட காலம் தேசிய நெடுஞ்சாலை 45 என்று அறியப்பட்ட இது, இப்போது புதிய எண் வரிசையில் 32.

1870களில் தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதை இந்தச் சாலையை ஒட்டியே தெற்கே போனது. பிறகு 1931-இல் பெரிய மாற்றம் வந்தது. அந்த ஆண்டு மே மாதம் சென்னை கடற்கரையில் இருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தூரம். இந்தியாவில் மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடியது இங்கேதான் முதலில்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஓர் ஒப்பீடு. இங்கிலாந்தில் லண்டனில் இருந்து பிரைட்டன் என்ற கடற்கரை ஊருக்கு முழு மின்சார ரயில் சேவை தொடங்கிய நாள் 1933 ஜனவரி 1. அதாவது பிரைட்டனுக்கு முன்பே தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்துவிட்டது! (லண்டன் புறநகரில் அதற்கு முன்பே மின்ரயில்கள் உண்டு என்பதையும் மறக்கக்கூடாது.)

மின்சார ரயில் வந்ததும் மாம்பலம், சைதாப்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் எல்லாம் நகரத்துக்குப் பக்கமாக வந்துவிட்டன. தாம்பரத்தில் 1928-இலேயே டாக்டர் சௌரி முத்து காசநோய் சானடோரியம் தொடங்கியிருந்தார். 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம் மாறியது. காலையில் நகரத்துக்குப் போய் மாலையில் வீடு திரும்பும் குமாஸ்தா வாழ்க்கை இந்த ரயிலால்தான் சாத்தியமானது. மீட்டர் கேஜ் மின்ரயில் 2004 வரை ஓடியது. இன்று ஓடுவது அகலப்பாதை ரயில்.

ஆகாயத்தில் வந்த தபால்

1932 அக்டோபர் 15. கராச்சியில் இருந்து ஒரு சிறிய பஸ் மாத் விமானத்தில் தபால் மூட்டையோடு கிளம்பினார் ஜே.ஆர்.டி. டாட்டா. அகமதாபாத் வழியாகப் பம்பாய் ஜூஹுவில் இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்ற விமானி பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டு வந்தார். லண்டனில் இருந்து இம்பீரியல் ஏர்வேஸ் விமானம் கராச்சிக்குக் கொண்டு வரும் கடிதங்கள் இந்த வழியில் சென்னைக்கு வந்தன. கப்பலில் வாரக்கணக்கில் வந்த செய்தி இப்போது நாள்கணக்கில் வந்தது. அந்தக் காலத்து வியாபாரிக்கு இது இன்றைய இணையம் மாதிரி.

பரங்கிமலைக்கும் பல்லாவரத்துக்கும் இடையில் உள்ள சமவெளிதான் சென்னையின் விமான நிலையமாக வளர்ந்தது. இன்று மீனம்பாக்கம் என்றாலே விமானம்தான் நினைவுக்கு வருகிறது. இரண்டாவது ஓடுதளம் அடையாற்றின் மேல் பாலம் போட்டு நீட்டப்பட்டது. இந்த ஆற்றைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும்.

குரோம்பேட்டை என்ற பெயர் எப்படி வந்தது?

சென்னை மாகாணம் பழங்காலத்தில் இருந்தே தோலுக்குப் பேர் போனது. ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோல் லண்டன் சந்தைக்குப் போனது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கு இந்தத் தோல் பெருமளவில் பயன்பட்டது.

பட்டையில் தோலைப் பதனிட வாரக்கணக்கில் ஆகும். குரோமிய உப்பைப் பயன்படுத்தினால் சில நாட்களில் முடிந்துவிடும். இந்தப் புதிய முறையைச் சென்னையில் சோதித்துப் பார்த்தவர் ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்ற பொறியியல் பேராசிரியர். அரசாங்கமே ஒரு தொழிலைத் தொடங்கிக் காட்டினால் மக்கள் பின்பற்றுவார்கள் என்பது அவருடைய கருத்து. ஆனால் இங்கிருந்த ஐரோப்பிய வியாபாரிகள், அரசாங்கம் தொழில் நடத்தக்கூடாது என்று எதிர்த்தார்கள். 1910-இல் லண்டனில் இருந்த இந்திய அமைச்சர் மார்லியும் அவர்கள் பக்கமே பேசினார். அரசாங்கத்தின் குரோம் தோல் தொழில் கைவிடப்பட்டது.

ஆனால் முறை சாகவில்லை. ஜி.ஏ. சேம்பர்ஸ் என்ற வணிகர் பல்லாவரத்துக்குப் பக்கத்தில் குரோம் லெதர் கம்பெனியை நிறுவினார். அந்தத் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த ஊர்தான் குரோம்பேட்டை. ஒரு ரசாயனத்தின் பெயரைத் தன் பெயராக வைத்திருக்கும் ஊர் வேறு எத்தனை இருக்கும்?

சுதந்திரத்துக்குப் பிறகு தொழில்கள் வேகமாக வந்தன. 1948-இல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. 1950களில் இங்கிலாந்தின் இங்கிலீஷ் எலக்ட்ரிக் கம்பெனி பல்லாவரத்தில் தொழிற்சாலை அமைத்தது. மின்கம்பியில் பழுது வந்தால் நொடியில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ரிலே போன்ற கருவிகள் இங்கே தயாராயின. பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி கார் செய்தது. 1984-இல் தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் வந்தது. 1970களில் மத்திய அரசு பச்சைத்தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுதாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்ய ஊக்குவித்தது. அந்நியச் செலாவணி கூடியது. பல்லாவரம், குரோம்பேட்டை, நாகல்கேணியில் பதனிடும் வேலையும் பெருகியது.

கணக்கில் வராத தண்ணீர்

இங்கேதான் கதை திரும்புகிறது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறக்குறைய 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் தேவை. அந்தத் தண்ணீர் நிலத்தடியில் இருந்து எடுக்கப்பட்டது. உப்பும் சுண்ணாம்பும் குரோமியமும் கலந்து அதே நிலத்துக்குத் திரும்பியது. கிணற்றுத் தண்ணீர் கெட்டது. தோல் வாங்கிய நாட்டுக்குச் செருப்பு கிடைத்தது, முதலாளிக்கு லாபம் கிடைத்தது, அரசுக்குச் செலாவணி கிடைத்தது. கெட்ட கிணறு மட்டும் யார் கணக்கிலும் எழுதப்படவில்லை.

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்றது. ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அந்த ஐந்தில் பல்லாவரம் அப்போது சேர்ந்திருந்த செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் ஒன்று. பல்லாவரம் தோல் தொழிற்சாலைகளுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்ததும் 1990களில்தான்.

தோல் மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பல்லாவரம் பெரிய ஏரியின் நடுவே துரைப்பாக்கம் போகும் 200 அடி சாலை போடப்பட்டது. ஏரி இரண்டானது, குப்பையும் அங்கேயே கொட்டப்பட்டது. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது விமான நிலையமே பல நாட்கள் மூடிக்கிடந்தது. 2024 டிசம்பரில் பல்லாவரம் பகுதியில் பலர் வயிற்றுப்போக்கால் மருத்துவமனையில் சேர்ந்தபோது, குடிநீரில் கழிவுநீர் கலந்ததா என்பதே பெரிய விவாதமாக எழுந்தது. 1931-இல் மின்சார ரயில் பார்த்த ஊரில், 93 ஆண்டுகள் கழித்தும் குழாய்த் தண்ணீரைப் பற்றிச் சந்தேகம்!

லண்டனும் நாறிய காலம்

வளர்ந்த நாடுகள் இந்தத் தவறைச் செய்யவில்லையா? செய்தன. 1858 கோடையில் தேம்ஸ் நதி நாற்றத்தில் லண்டன் நாடாளுமன்றமே திணறியது. ஆனால் அந்த ஆண்டே சட்டம் போட்டுப் பணம் ஒதுக்கினார்கள். பேசல்ஜெட் என்ற பொறியாளர் நகரம் முழுக்கப் பெரிய பாதாளச் சாக்கடைகளைக் கட்டினார். அதன் பிறகும் நதி முழுதாகப் பிழைக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. ஆக, வளர்ந்த நாட்டின் அடையாளம் தரைக்கு மேலே தெரியும் ரயிலும் பாலமும் மட்டும் இல்லை. தரைக்குக் கீழே யாருக்கும் தெரியாமல் ஓடும் குழாயும்தான்.

பல்லாவரத்துக்கு வந்த சாலையும் ரயிலும் விமானமும் பெரும்பாலும் கடந்து போகிறவர்களுக்காக வந்தவை. படை தெற்கே போக, தபால் லண்டன் போக, தோல் துறைமுகம் போக. ஊர்க்காரர்களும் பயன் அடைந்தார்கள், சந்தேகமே இல்லை. ஆனால் ஊரிலேயே தங்கி வாழ்கிறவர்களுக்கான வசதிகள் கடைசியில்தான் வந்தன.

பக்கத்து ஊர் காட்டிய வழி

இது மாற்ற முடியாத விதி இல்லை. பரங்கிமலைக்கு அருகில் உள்ள ஆலந்தூர் அதற்குச் சாட்சி. 1990களின் பிற்பகுதியில் அப்போது தனி நகராட்சியாக இருந்த ஆலந்தூர், பாதாளச் சாக்கடைத் திட்டத்தைக் கையில் எடுத்தது. பணம் போதவில்லை. நகராட்சித் தலைவர் ஆர்.எஸ். பாரதி காலத்தில், வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்வைப்புத் தொகை கேட்டார்கள். மக்கள் தெருத்தெருவாகப் பேசி, கூட்டம் போட்டு, பணம் கட்டினார்கள். திட்டமும் நிறைவேறியது. நாடு முழுவதும் நகர நிர்வாகப் பாடங்களில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் திட்டம் இது.

இன்று பல்லாவரம், தாம்பரம் மாநகராட்சியின் பகுதி. 2021 நவம்பரில் அந்த மாநகராட்சி உருவானது. பல்லாவரம் மேம்பாலம் 2020-இல் திறக்கப்பட்டது, மெட்ரோ ரயில் 2016-இல் விமான நிலையம் வரை வந்தது, கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பரில் வந்தது. எல்லாம் நல்லவையே. வெள்ளிக்கிழமை தோறும் பழைய டிரங்க் ரோட்டில் கூடும் சந்தையும் இன்னும் நடக்கிறது. பழைய சாமான், செடி, பறவை என்று வாங்க எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருகிறார்கள்.

ஆனால் அந்தச் சந்தைக்கு வருகிறவர் தாகம் எடுத்தால் கேன் தண்ணீரைத்தான் தேடுகிறார். பல்லாவரத்தில் ஒருவர் தெருக்குழாயைத் திறந்து, யோசிக்காமல் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும் நாள் வரட்டும். பாடப்புத்தகப் பட்டியலில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.