காயம் யார் கணக்கு? ஏ.சி. மிலானில் மார்கோ வான் பாஸ்டன், 1987–1995

மார்கோ வான் பாஸ்டன் 1987இல் ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் கிளப்பை விட்டு ஏ.சி. மிலானுக்கு வந்தபோது அவருக்கு வயது 22. கடைசியாகப் போட்டியில் ஆடியபோது 28. ஓய்வை அறிவித்தபோது 30. இந்த எட்டாண்டுகளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள்: கோல் அடிப்பதில் ஈடில்லாத ஆட்டக்காரர், ஆனால் அடிக்கடி காயமடையும் உடல்வாகு. இதன்படி பார்த்தால் திறமையும் காயமும் அவர் பிறவியிலேயே கொண்டுவந்தவை. கிளப், பயிற்சியாளர், மருத்துவர், விதிகள் எல்லாம் வெறும் பின்னணி.

இந்த முடிவு சான்றுகளோடு பொருந்தவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். மிலானில் வான் பாஸ்டனின் காயம் உடல்வாகின் கதை மட்டுமல்ல. குறிப்பிட்ட சில நாட்களில் குறிப்பிட்ட சிலர் எடுத்த முடிவுகளின் விளைவும்கூட. அம்முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், இறுதியாட்டம் நெருங்கிய ஒவ்வொரு முறையும் மிகக் குறுகிய காலத்தைக் கணக்கில் கொண்ட தரப்பே வென்றிருப்பது தெரியும்.

இரண்டு விழுக்காடுகள்

முதலில் எண்கள். வான் பாஸ்டன் மிலானில் இருந்த எட்டுப் பருவங்களில் அக்கிளப் ஆடிய இத்தாலிய லீக் ஆட்டங்கள் 268. அவர் களமிறங்கியவை 147, அதாவது ஏறத்தாழ 55 விழுக்காடு. அடித்த கோல்கள் 90. இந்த எண்ணை மட்டும் பார்ப்பவர், பாதி நாள் மருத்துவமனையில் கழித்த ஒருவரைக் கற்பனை செய்துகொள்வார்.

பருவவாரியாகப் பிரித்தால் படம் மாறுகிறது. 1987–88இல் 30 ஆட்டங்களில் 11. அடுத்த நான்கு பருவங்களில் முறையே 33, 26, 31, 31. அதாவது 1988 முதல் 1992 வரை 136 லீக் ஆட்டங்களில் 121. இது 89 விழுக்காடு. எந்தக் காலத்து முன்கள ஆட்டக்காரருக்கும் இது உறுதியான வருகைப்பதிவு. அந்த நான்கு பருவங்களில் 74 கோல்கள். இருமுறை லீக்கில் அதிக கோல் அடித்தவர்: 1989–90இல் 19, 1991–92இல் 25. பிறகு 1992–93இல் 15 ஆட்டங்கள், 13 கோல்கள். அதற்கடுத்த இரண்டு பருவங்களில் ஒன்றுமில்லை.

ஆக, விட்டுவிட்டு அடிக்கடி காயமடைந்த ஆட்டக்காரர் அல்லர் அவர். தொடக்கத்தில் ஒரு பெரிய இடைவெளி, இறுதியில் மீளமுடியாத ஓர் இடைவெளி, நடுவே நான்காண்டுகள் ஏறக்குறைய முழுமையான ஆட்டம். லிவர்பூலில் 2013 முதல் 2019 வரை ஆடிய டேனியல் ஸ்டரிட்ஜின் கதை வேறு. தொடை, பின்தொடை, இடுப்பு என்று இடம் மாறிமாறி வந்த காயங்கள் அவரை 160 ஆட்டங்களோடு நிறுத்தின. இருவரையும் ஒரே பட்டியலில் சேர்ப்பது வசதிக்காகச் செய்யப்படுவது. ஒருவரிடம் தசைகள் திரும்பத் திரும்பப் பழுதடைந்தன. மற்றவரிடம் கணுக்கால் மூட்டு மெல்லத் தேய்ந்து போனது.

இன்னொரு முரணும் கவனத்துக்குரியது. வான் பாஸ்டன் குறைவாகக் கோல் அடித்த முழுப் பருவம் 1990–91. 31 ஆட்டங்களில் இறங்கியும் 11 கோல்களே. அந்த ஆண்டின் பிரச்சினை பயிற்சியாளர் அரிகோ சாக்கியுடன் அவருக்கு இருந்த உரசல் என்பது பலரும் அறிந்தது. 1991இல் சாக்கி போய் ஃபாபியோ கப்பெல்லோ வந்ததும் கோல்கள் 25 ஆயின. உடல் எல்லாவற்றையும் தீர்மானித்தது என்ற விளக்கம் இங்கே தடுமாறுகிறது.

காயத்தின் பிறப்பிடம்

மிலானின் கணக்கில் எழுதப்படும் இந்தக் காயம் மிலானில் பிறந்ததே அல்ல. 1986 டிசம்பரில், அயாக்ஸ் க்ரோனிங்கன் அணியோடு ஆடிய லீக் ஆட்டம் ஒன்றில் வான் பாஸ்டனின் கணுக்கால் பழுதுபட்டது. எதிரணித் தடுப்பாட்டக்காரர் அவரை வீழ்த்தியதால் அல்ல. பந்தைப் பறிக்க அவரே பாய்ந்ததால். இத்தாலியத் தடுப்பாட்டக்காரர்களின் முரட்டுத்தனமே ஒரு மேதையை அழித்தது என்ற பரவலான கதைக்கு இது பொருந்தாத தொடக்கம்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். அப்போது அயாக்ஸின் பயிற்சியாளர் யோஹான் குரைஃப். கிளப் ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பையில் முன்னேறிக்கொண்டிருந்தது. வான் பாஸ்டன் பயிற்சியையும் சில லீக் ஆட்டங்களையும் தவிர்க்கலாம், ஐரோப்பிய ஆட்டங்களில் இறங்க வேண்டும் என்று இருவருக்கும் இடையே உடன்பாடு ஏற்பட்டதாக வான் பாஸ்டனே தன் வாழ்க்கை வரலாற்றில் சொல்கிறார். 1987 மே மாதம் ஏதென்ஸ் இறுதியாட்டத்தில் லைப்சிக் அணிக்கு எதிராக 1–0 வெற்றி. அந்த ஒரே கோலை அடித்தவர் வான் பாஸ்டன்.

குருத்தெலும்புக்கு இரத்த நாளங்கள் கிடையாது. அதனால் சேதமானால் தசையைப் போலத் தானாக எளிதில் ஆறுவதில்லை. மூட்டின்மேல் ஏறும் ஒவ்வொரு சுமையும் பழைய சேதத்தின் மீதே விழுகிறது. அந்தக் கோப்பைக்காகக் கொடுத்த விலை அன்றே யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. ஆனால் விலை இருந்தது. அதைச் செலுத்த வேண்டிய இடம் மிலானாக அமைந்தது.

காத்திருக்க முடிந்த கிளப்

1987 இறுதியில் வான் பாஸ்டன் கணுக்கால் அறுவைச் சிகிச்சைக்குப் போனார். பருவத்தின் பெரும்பகுதி கைநழுவியது. மிலான் அவரை அவசரப்படுத்தவில்லை. கிளப்பின் நல்ல மனம் மட்டும் இதற்குக் காரணம் என்று சொல்ல வேண்டியதில்லை. 1986இல் சில்வியோ பெர்லுஸ்கோனி வாங்கிய அந்தக் கிளப்பிடம் பணம் இருந்தது. ரூட் குல்லிட்டும் பியெத்ரோ பாவ்லோ விர்திஸும் கோல் சுமையை ஏற்றார்கள். ஐரோப்பிய இறுதியாட்டம் என்ற நெருக்கடி எதுவும் வாசலில் நிற்கவில்லை. 1988 வசந்தத்தில் திரும்பிய வான் பாஸ்டன், லீக்கைத் தீர்மானித்த நேப்பிள்ஸ் ஆட்டத்தில் ஒரு கோல் அடித்தார். மிலான் 3–2 என்று வென்று, பின்னர் சாம்பியனும் ஆயிற்று.

சில வாரங்களில் ஐரோப்பிய நாடுகள் கோப்பை. மற்றவர்கள் நீண்ட பருவத்தின் களைப்போடு வந்தார்கள். நெதர்லாந்து அணிக்கு இவர் 11 லீக் ஆட்டங்களோடு வந்தார். சோவியத் யூனியனுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கியவர், இங்கிலாந்துக்கு எதிராக மூன்று கோல், மேற்கு ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியில் வெற்றிக் கோல், மியூனிக் இறுதியாட்டத்தில் தரைதொடாத பந்தைக் கடினமான கோணத்திலிருந்து அடித்த கோல் என ஐந்து கோல்களோடு முடித்தார். ஓய்வு ஆட்டத்தைக் கெடுக்கவில்லை என்பதற்கும், காத்திருந்ததன் பலன் நான்காண்டுகள் நீடித்தது என்பதற்கும் இது வலுவான சான்று.

1992 டிசம்பர், 1993 மே

நவம்பர் 1992இல் யோதெபோரி அணிக்கு எதிராகச் சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தில் நான்கு கோல்கள். டிசம்பரில் மூன்றாவது பலோன் தோர் விருது. அதே டிசம்பரில் மீண்டும் கணுக்கால் அறுவை. அதற்குப் பிறகு அந்த மூட்டு பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

இம்முறை மிலானிடம் ஆள் பற்றாக்குறை இருந்ததா? இல்லை. ஷான் பியர் பபான், தேயான் சாவிச்செவிச், ஸ்வோனிமிர் போபான் எல்லோரும் அந்தக் கோடையில் வந்தவர்கள். களத்தில் மூன்று வெளிநாட்டவருக்கே இடம் என்ற விதியால் ஒவ்வொரு வாரமும் சிறந்த வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் சிலர் பார்வையாளர் இருக்கையில் உட்கார்ந்தார்கள். காத்திருக்கும் வசதி 1988ஐவிட இப்போதுதான் அதிகம். ஆனாலும் 1993 வசந்தத்தில் அவர் திரும்பினார், மே 26 அன்று மியூனிக்கில் மார்செய் அணிக்கு எதிரான ஐரோப்பிய இறுதியாட்டத்தில் இறங்கினார். மிலான் 0–1 என்று தோற்றது. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில் அவர் வெளியே அழைக்கப்பட்டார். 1988இல் புகழின் உச்சியைத் தொட்ட அதே ஒலிம்பிக் அரங்கம். அதன்பின் அவர் போட்டியில் ஆடவில்லை. மேலும் சிகிச்சைகள், இரண்டாண்டுக் காத்திருப்பு, 1995 ஆகஸ்டில் ஓய்வு. பிற்காலத்தில் வலியைத் தீர்க்கக் கணுக்கால் மூட்டையே அசையாதபடி பிணைக்க வேண்டி வந்தது.

1987இலும் 1993இலும் ஒரே அமைப்பு தெரிகிறது. முழுமையாக ஆறாத கணுக்கால், முன்னே ஓர் இறுதியாட்டம். பயிற்சியாளருக்கு அந்த ஒரு மாலை, கிளப்புக்கு ஒப்பந்தம் முடியும் தேதி, ஆட்டக்காரருக்கு மிச்ச வாழ்நாள். ஒரே உடலை மூன்று கால அளவுகள் பங்குபோடுகின்றன. இறுதியாட்டம் நெருங்கும்போது முதலாவதே வெல்கிறது. ஆட்டக்காரரும் அந்த மாலையையே விரும்புவார் என்பது உண்மை. ஆனால் விருப்பம் முடிவின் பொறுப்பைப் பகிர்ந்துகொள்கிறதே தவிர, பிறருடைய பங்கை அழித்துவிடாது.

இரண்டு மறுப்புகள்

முதல் மறுப்பு, அன்றைய தடுப்பாட்டத்தின் முரட்டுத்தனம். பின்னாலிருந்து காலை வெட்டுவது அன்று பெரும்பாலும் மஞ்சள் அட்டையோடு போனது. 1994 உலகக் கோப்பையில் நடுவர்கள் அதற்குச் சிவப்பு அட்டை காட்டும்படி அறிவுறுத்தப்பட்டார்கள். 1998இல் ஆட்டவிதியே இறுக்கப்பட்டது. அந்த அடிகள் தேய்மானத்தைக் கூட்டியிருக்கும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதே அடிகளை வாங்கியபடிதான் அவர் 136இல் 121 ஆட்டங்கள் ஆடினார். ஆகவே அடிகள் துணைக் காரணம். முதற்காரணம் அல்ல.

இரண்டாவது மறுப்பு உடலமைப்பு. 1.88 மீட்டர் உயரத்தோடு, ஒரே காலில் சுழன்று திரும்பும் ஆட்டப்பாணி கணுக்காலுக்கு அதிகச் சுமை தரும். இதையும் ஏற்கலாம். ஆனால் அந்த உடலும் அந்தப் பாணியும் நான்கு பருவங்கள் தாங்கியிருக்கின்றன. மாறியது உடலமைப்பு அல்ல, அதைக் கையாண்ட விதம்.

முடிவுரை

வான் பாஸ்டன் இல்லாத 1993–94இல் மிலான் லீக்கையும் ஐரோப்பியக் கோப்பையையும் வென்றது. ஆனால் 1991–92இல் 74 கோல் அடித்த அணி இப்போது 34 ஆட்டங்களில் 36 கோல்களே அடித்தது. குல்லிட்டும் நடுக்கள ஆட்டக்காரர் ரைக்கார்டும் போனதும் இதில் சேர்த்தி. கிளப்பால் தன் ஆட்டமுறையை மாற்றிக்கொண்டு பிழைக்க முடிந்தது. மாற்றிக்கொள்ள வழியில்லாதவர் ஆட்டக்காரர் ஒருவரே. 2002இல் மிலான் தன் ஆட்டக்காரர்களின் உடல்நிலையைத் தொடர்ந்து ஆராய மிலான் லேப் என்ற ஆய்வகத்தை நிறுவியபோது, காயம் நிறுவனத்தின் பொறுப்புக்கும் உட்பட்டது என்பதை நடைமுறையில் ஒப்புக்கொண்டது எனலாம்.

காயத்தால் அறியப்பட்ட ஆட்டக்காரர்களின் வரலாற்றை எழுதுபவர் தவறவிட்ட ஆட்டங்களை எண்ணுவதோடு நிற்கக் கூடாது. ஆறாத உடலோடு ஆடிய ஆட்டங்களையும் எண்ண வேண்டும். அவற்றில் யாருடைய அவசரம் இருந்தது என்று கேட்க வேண்டும். வான் பாஸ்டனைப் பொறுத்தவரை, தவறவிட்ட 1987–88 பருவம் அவருக்கு நான்காண்டுகளைத் தந்தது. தவறவிடாத இரண்டு இறுதியாட்டங்களே அவரிடமிருந்து அதிகம் பறித்தன.