பிசிறு சொல்லும் கதை

ப்ளாஸ்டிக் மாடல் கிட் வாங்கினவுடன் பெயிண்ட் டப்பாவைத் திறக்கத்தான் கை துறுதுறுக்கும். ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு மூணு சாயங்காலம் கழுவுறது, சுரண்டுறது, தேய்க்கிறதுன்னே ஓடிடும். இந்தப் போரடிக்கும் வேலைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்குங்க.

முதலில் கொஞ்சம் மெக்கானிக்கல். இரண்டு பாதியாக இருக்கும் எஃகு அச்சுக்குள் உருகிய பாலிஸ்டைரீனை அழுத்தி ஏற்றுவார்கள். பாதிகள் சேரும் இடத்தில் மெல்லிய கோடு விழும். பாகத்தை வெளியே தள்ளும் ஊசிகள் வட்டத் தழும்பு போடும். ஒட்டாமல் இருக்கத் தடவும் எண்ணெய்ப் பசை மிச்சம் இருந்தால் பெயிண்ட் பிடிக்காது. அச்சு தேயத் தேய, இடைவெளியில் ப்ளாஸ்டிக் கசிந்து பிசிறு வரும். ஆக, பிசிறைப் பார்த்தாலே அச்சின் வயசை ஓரளவு சொல்லிடலாம்.

1936-ல் பிரிட்டனில் ஃப்ராக் நிறுவனம் 'பெங்குவின்' என்ற பெயரில் 1/72 அளவில் விமானக் கிட்டுகள் விட்டது. செல்லுலோஸ் அசிடேட்டில் செய்தது, நாளாக நாளாக வளைந்துவிடும். போருக்குப் பிறகு பாலிஸ்டைரீன் வந்து அந்தத் தலைவலியைத் தீர்த்தது. 1952-ல் ஏர்ஃபிக்ஸ் 'கோல்டன் ஹைண்ட்' கப்பலைப் பையில் போட்டு, வுல்வொர்த்ஸ் கடைகளில் 2 ஷில்லிங்குக்கு விற்றது. மாடல் கட்டுவது சாதாரண வீட்டுப் பையனுக்கும் எட்டியது.

ஃப்ராக்கின் கதைதான் சுவாரசியம். தாய் நிறுவனமான லைன்ஸ் பிரதர்ஸ் 1971-ல் விழுந்தது. சில வருஷத்தில் ஃப்ராக்கும் கடையைக் கட்டியது. அச்சுகளில் பெரும்பகுதி சோவியத் யூனியனுக்குப் போய், 'நோவோ' என்ற பெயரில் கிட்டுகளாகத் திரும்பி வந்தன. ஜெர்மன், ஜப்பான் விமானங்களின் அச்சுகளை மட்டும் சோவியத்காரர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள், அவை ரெவெல் பக்கம் போயின. போர் முடிந்து முப்பது வருஷம் கழிச்சும் கோபம் தீரலை பாருங்க :-)

ஜப்பானில் பண்டாய் 1980-ல் 300 யென்னுக்கு விட்ட முதல் குண்டம் கிட்டுக்கும் பசை, பெயிண்ட் எல்லாம் வேணும். 1990-ல் வந்த ஹெச்.ஜி. வரிசையில் பாகங்களே பல வண்ணத்தில் வார்க்கப்பட்டு, பசையில்லாமல் க்ளிக்கென்று மாட்டிக்கொண்டன. அதைப் பழகினவங்க, பழைய அச்சில் வரும் கிட்டைப் பார்த்து "குப்பை"ன்னு ஒதுக்கிடறாங்க. எனக்கு உடன்பாடில்லை. புது எஃகு வெட்ட ஏகப்பட்ட செலவு. அதிகம் விற்காத ஒரு விமானத்துக்கு அதை யார் செய்வாங்க? பழைய அச்சும் போனால் அந்த விமானமே நம்ம அலமாரிக்கு வராது. ஆபீஸில் யாரோ எப்பவோ எழுதின கோட் இன்னைக்கும் ஓடுது. திட்டிக்கிட்டேதான் பராமரிக்கிறோம், இல்லையா?

வழி சிம்பிள். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் துளி விட்டுக் கழுவிக் காயவைக்கணும். பிசிறை ப்ளேடால் சீவி, மூட்டுக்கோட்டை ப்ளேடின் முதுகால் சுரண்டணும். 400, 600, 1000 என்று உப்புத்தாளை ஏற்றிக்கொண்டே போகணும். பள்ளத்துக்குப் பட்டி பார்த்து, ப்ரைமர் ஒரு கோட் அடித்தால் மிச்சக் குறையெல்லாம் பல்லிளிக்கும். மறுபடி தேய்ங்க.

எப்பவோ வெட்டின எஃகுக்கு இந்த ரெண்டு சாயங்காலம் தரலாம்.