நாற்பது பிட்டுக்கு மேல் அனுமதி வேண்டும்

1998-ல் இந்திய அரசு இணையச் சேவையைத் தனியாருக்குத் திறந்துவிட்டது. அந்தச் சேவைக்காக எழுதப்பட்ட உரிம ஒப்பந்தங்களில் ஒரு விதி பல ஆண்டுகள் அசையாமல் உட்கார்ந்திருந்தது. தனிநபரோ நிறுவனமோ தகவலைக் குறியாக்கம் செய்து அனுப்பலாம்; சாவியின் நீளம் 40 பிட் வரை இருந்தால் யாரையும் கேட்க வேண்டாம். அதைத் தாண்டினால் தொலைத்தொடர்புத் துறையிடம் எழுத்து மூலம் முன் அனுமதி வாங்க வேண்டும். அதோடு, குறியாக்கத்தை அவிழ்க்கும் சாவியை இரண்டு பாகமாகப் பிரித்து அந்தத் துறையிடமே ஒப்படைத்துவிட வேண்டும்.

40 பிட் சாவி என்றால் மொத்தம் சுமார் 1,09,951 கோடி சாவிகள் சாத்தியம். மனிதர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க முடியாது. கணினிக்கு அது பெரிய வேலையே இல்லை. 1995 ஆகஸ்டில் டாமியான் டொலிஜே என்ற பிரெஞ்சு ஆய்வாளர், நெட்ஸ்கேப் உலாவியின் 40 பிட் பூட்டு ஒன்றைத் தன் ஆய்வகத்தில் சும்மா கிடந்த நூற்றுச் சொச்சம் கணினிகளை வைத்து எட்டே நாளில் திறந்து காட்டினார். 1997 ஜனவரியில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் இயன் கோல்ட்பர்க், இன்னொரு 40 பிட் பூட்டை மூன்றரை மணி நேரத்தில் உடைத்தார். ஆக, இந்தியாவில் அனுமதியின்றி வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்ட பூட்டு, அந்த விதி எழுதப்படுவதற்கு முன்பே ஊரறியத் திறக்கப்பட்டிருந்தது.

வங்கிகளுக்கு இந்தப் பூட்டு கட்டுப்படியாகவில்லை. 2001 ஜூனில் ரிசர்வ் வங்கி இணைய வங்கிச் சேவைக்கு வெளியிட்ட வழிகாட்டுதல், குறைந்தது 128 பிட் பாதுகாப்பைச் சொன்னது. 128 பிட்டில் சாத்தியமான சாவிகளின் எண்ணிக்கையை எழுத 39 இலக்கம் வேண்டும். ஒரு துறை நாற்பதோடு நில் என்றது, இன்னொரு துறை நூற்றிருபத்தெட்டுக்குக் குறையாதே என்றது. இரண்டு விதியும் ஒரே நாட்டில் பல காலம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

காரைக்கால் பகுதியில், திருநள்ளாறு கொம்யூனில் இருக்கும் சுரக்குடி போன்ற ஊர்களுக்கு இந்தக் கதையில் தனி இடம் உண்டு. 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த இந்த மண், 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும், 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது. ஒப்பந்தப்படி பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்கள் உண்டு. பிரான்சில் பிள்ளைகளும் சொந்தங்களும் இருக்கும் வீடுகள் இந்தப் பக்கம் நிறைய. அதனால் ஒரே குடும்பத்தின் கடிதமும் போட்டோவும் பணக்கணக்கும் இரண்டு அரசுகளின் சட்டத்தையும் தொட்டுக்கொண்டுதான் போய்வருகின்றன. அந்த இரண்டு அரசுகளுமே குறியாக்கத்தை நீண்ட காலம் சந்தேகத்தோடு பார்த்தவை.

பிரான்சின் கடுமை இன்னும் பழையது. 1939 ஏப்ரல் 18 தேதியிட்ட ஆணைச் சட்டம் குறியாக்கக் கருவிகளைப் போர்த்தளவாடங்களின் வரிசையில் வைத்தது. காரைக்கால் அப்போது பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தது. அந்தப் பிடி 1990-ல்தான் கொஞ்சம் தளர்ந்தது. 1996-ல், நம்பிக்கைக்குரிய மூன்றாம் தரப்பு ஒன்றிடம் சாவியைக் கொடுத்து வைத்தால் வலுவான குறியாக்கத்தைப் பயன்படுத்தலாம் என்று ஒரு வழி திறந்தார்கள். 1999-ல் 128 பிட் வரை அனுமதி வந்தது. 2004 ஜூனில் வந்த சட்டம்தான் குறியாக்கத்தைப் பயன்படுத்த யாருக்கும் தடையில்லை என்று முழுதாகச் சொன்னது.

இந்தியாவில் தடம் 1885-ம் ஆண்டு தந்திச் சட்டத்திலிருந்து தொடங்குகிறது. பொதுப் பாதுகாப்பு என்ற காரணத்தைக் காட்டித் தந்தியை இடைமறிக்க அதன் 5-வது பிரிவு அரசுக்கு அதிகாரம் தந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-வது பிரிவு அதைக் கணினிக்கும் நீட்டியது. 2009-ல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அவிழ்த்துக் கொடு என்று உத்தரவு வந்த பிறகும் உதவ மறுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை சிறை.

ஆனால் சாவியே தன்னிடம் இல்லாதவனிடம் எதைக் கேட்பது? இந்தக் கேள்வி முதலில் பிளாக்பெர்ரி கைபேசிகளின் வடிவத்தில் வந்தது. 2008 முதல் உள்துறை அதிகாரிகள் அந்த நிறுவனத்தை நெருக்கினார்கள். 2010 ஆகஸ்ட் 31-க்குள் வழி செய்யாவிட்டால் சேவை நிற்கும் என்று கெடு வைத்தார்கள். பெருநிறுவனங்களின் மின்னஞ்சலுக்கான சாவி அந்தந்த வாடிக்கையாளர் கையில்தான் இருக்கிறது, எங்களிடம் பிரதி கிடையாது என்பதே பிளாக்பெர்ரியின் பதில். கடைசியில் சாதாரண வாடிக்கையாளர்களின் அரட்டைச் செய்திகளுக்காக மும்பையில் ஒரு சர்வர் வைத்தார்கள். பெருநிறுவன மின்னஞ்சல் அந்த ஏற்பாட்டுக்கு வெளியே நின்றது.

2015 செப்டம்பரில் மத்திய அரசு தேசியக் குறியாக்கக் கொள்கை வரைவை வெளியிட்டது. குறியாக்கம் செய்து அனுப்பிய செய்தியின் வெளிப்படையான பிரதியைக் குடிமக்களும் 90 நாள் வைத்திருக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. வாட்ஸ்ஆப்பில் வந்த செய்தியை அழித்தாலே குற்றமா என்று நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பியது. செப்டம்பர் 22 அன்று அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் வரைவைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்.

அடுத்த சுற்று சென்னையில் நடந்தது. சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்கக் கோரி 2018-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு, போகப் போக வேறு திசைக்குத் திரும்பியது. வாட்ஸ்ஆப்பில் பரவும் ஒரு செய்தியை முதலில் எழுதியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதே முக்கியக் கேள்வியானது. ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் வி. காமகோடி 2019 ஜூலையில் ஒரு யோசனையை முன்வைத்தார்: ஒவ்வொரு செய்தியோடும் அதை உருவாக்கியவரின் அடையாளம் சேர்ந்தே பயணிக்கட்டும். இது எளிதில் ஏமாற்றப்படக்கூடியது, அந்தரங்கத்துக்கும் கேடு என்று ஐஐடி பம்பாயின் மனோஜ் பிரபாகரன் மறுத்து எழுதினார். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. முதலில் எழுதியவரைக் காட்ட வேண்டும் என்ற கருத்து மட்டும் 2021 பிப்ரவரி விதிகளில் இடம்பிடித்தது. அதை எதிர்த்து வாட்ஸ்ஆப் டெல்லி உயர் நீதிமன்றம் போனது.

இத்தனை சண்டையும் வழியில் போகும் செய்தியைப் பற்றியது. கிளவுடில் கிடக்கும் பிரதியைப் பற்றிப் பேச்சு குறைவு. வாட்ஸ்ஆப் 2016 ஏப்ரலில் எல்லாச் செய்திகளையும் அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய இரு முனைக் குறியாக்கத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. ஆனால் அதே செய்திகளின் பேக்கப் கூகுள் டிரைவிலும் ஐகிளவுடிலும் அந்தப் பாதுகாப்பு இல்லாமலேயே ஐந்து ஆண்டுக்கு மேல் கிடந்தது. 2021 அக்டோபரில்தான் பேக்கப்புக்கும் பூட்டு வந்தது. ஆப்பிளும் இதே யோசனையை அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் எதிர்ப்புக்குப் பிறகு கைவிட்டதாக 2020 ஜனவரியில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பின்னர் 2022 டிசம்பரில் அட்வான்ஸ்டு டேட்டா புரொடெக்‌ஷன் என்ற பெயரில் அமெரிக்காவில் அந்த வசதி வந்தது. 2023 ஜனவரியில் மற்ற நாடுகளுக்கும் வந்தது. இதை இயக்கினால் போட்டோ, நோட்ஸ், முழு பேக்கப் எல்லாவற்றின் சாவியும் ஆப்பிள் சர்வரிலிருந்து நீங்கி, பயனரின் சாதனங்களில் மட்டும் இருக்கும்.

சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். சாவி எல்லாச் சாதனங்களிலும் இருக்க வேண்டும் என்றால், எல்லாச் சாதனங்களும் அந்தச் சாவியைப் புரிந்துகொள்ள வேண்டும். கணக்கில் இருக்கும் ஒவ்வொரு ஐபோனும் ஐபேடும் 16.2 பதிப்பையும், மேக் 13.1 பதிப்பையும், வாட்ச் 9.2 பதிப்பையும் எட்டியிருக்க வேண்டும். ஐபோன் 7, ஐபேட் ஏர் 2 ஆகியவை 15-வது பதிப்போடு நின்றுவிட்டவை. அப்படி ஒன்று பட்டியலில் இருந்தாலும் போதும், மொத்தக் கணக்குக்கும் கதவு சாத்தியபடியே இருக்கும்.

காரைக்கால் பக்கத்துக் குடும்பங்களில் இது எப்படி நடக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. பாரிஸில் இருக்கும் மகன் புது ஐபேட் வாங்கியதும் பழையதை அடுத்த விடுமுறையில் சுரக்குடிக்குக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுக்கிறார். வீடியோ கால் பேசத்தானே என்று தன் கணக்கிலேயே விட்டுவிட்டுப் போகிறார். சில ஆண்டு கழித்து அவர் பாரிஸில் குறியாக்கத்தை இயக்கப் போனால், சுரக்குடியில் அலமாரிக்குள் கிடக்கும் ஐபேடின் பெயரைத் திரை காட்டுகிறது: இதைப் புதுப்பி, அல்லது நீக்கு. அங்கிருந்தே நீக்கினால் அப்போதைக்கு வேலை முடிந்த மாதிரி இருக்கும். ஆனால் அந்த ஐபேடில் கணக்கிலிருந்து வெளியேறாத வரை, அது அடுத்த முறை இணையத்தில் சேரும்போது மறுபடி பட்டியலில் வந்து நிற்கலாம். ஆகவே ஊரில் யாராவது அதற்கு சார்ஜ் போட்டு, செட்டிங்ஸில் மேலே இருக்கும் பெயரைத் தொட்டு, கீழே போய் சைன் அவுட் கொடுக்க வேண்டும். அதற்கு மகனின் பாஸ்வேர்டும் வேண்டும். அம்மாவுக்கென்று தனிக் கணக்கு திறந்து கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை திரும்ப வராது.

வேறு தடைகளும் உண்டு. இரட்டைச் சரிபார்ப்பு இல்லாத கணக்கில் இந்த வசதி இயங்காது. சரிபார்ப்புக் குறியீடு போய்ச் சேரும் எண் ரீசார்ஜ் செய்யாமல் காலாவதியான பழைய சிம்மாக இருந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும். புதிதாகத் தொடங்கிய கணக்கானால் கொஞ்ச காலம் பொறுக்கச் சொல்லி ஒரு தேதியைத் திரை காட்டும், அது பழுதல்ல. குழந்தைகள் கணக்குக்கும் நிறுவனங்கள் தரும் கணக்குக்கும் இது கிடையாது. ஐகிளவுட் மின்னஞ்சல், தொடர்பு எண்கள், காலண்டர் ஆகியவை இயக்கிய பிறகும் இந்தப் பூட்டுக்கு வெளியேதான் இருக்கும்.

இயக்கும்முன், கணக்கைத் திரும்பப் பெற உதவும் ஒரு மீட்புத் தொடர்பாளரையோ 28 எழுத்துகள் கொண்ட மீட்புச் சாவியையோ ஏற்பாடு செய்தே ஆக வேண்டும். வாட்ஸ்ஆப் பேக்கப்புக்கு ஒரு பாஸ்வேர்டு, அல்லது 64 இலக்கச் சாவி. இவையெல்லாம் தொலைந்தால் நிறுவனத்தால் உதவ முடியாது; அதற்காகத்தானே இந்த ஏற்பாடே. சாவியைப் பத்திரமாக வைப்பதில் பெரிய இடங்களே தடுமாறியிருக்கின்றன. புரி ஜகந்நாதர் கோயில் பொக்கிஷ உள்ளறையின் சாவியைக் காணவில்லை என்று 2018-ல் தெரியவந்தது. 2024 ஜூலையில் பூட்டுகளை உடைத்துத்தான் உள்ளே போனார்கள். கிளவுடில் அப்படி உடைக்க வழியில்லை. அதனால் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி நிலப் பத்திரத்தோடு வைப்பது, போனிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பதைவிட உருப்படியான வழி. மீட்புத் தொடர்பாளராக அதே வீட்டில் இருப்பவரைவிட வேறு ஊரில் இருக்கும் ஒருவரைப் போடுவது நல்லது. வெள்ளத்திலோ திருட்டிலோ வீட்டு போன்கள் எல்லாம் ஒன்றாகப் போனாலும் அவர் போன் தப்பும்.

அரசுகளின் பக்கம் இழுபறி இன்னும் ஓயவில்லை. செய்தியை முதலில் எழுதியவரைக் காட்டியே தீர வேண்டும் என்றால் இந்தியாவைவிட்டு வெளியேற நேரும் என்று 2024 ஏப்ரலில் வாட்ஸ்ஆப் டெல்லி உயர் நீதிமன்றத்தில் சொன்னது. 2025 மார்ச்சில் பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் கீழவை, போதைப்பொருள் தடுப்பு மசோதாவில் இருந்த, குறியாக்கத்துக்குப் பின்வாசல் வைக்கச் சொன்ன விதியை நிராகரித்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு பிரிட்டனில் நடந்தது நேர்மாறு. கிளவுடில் இருப்பதைத் திறந்துகாட்ட வழி செய் என்ற அரசின் ரகசிய உத்தரவு பற்றிய செய்தி வெளியானதும், பிப்ரவரி 21 அன்று ஆப்பிள் அந்த நாட்டில் இந்த வசதியைப் புதிதாக யாரும் இயக்க முடியாதபடி நிறுத்தியது. சுரக்குடி அம்மாவும் பாரிஸ் மகனும் தொடலாம் என்றிருந்த அந்தப் பொத்தான், பிரிட்டன் கணக்கோடு லண்டனில் ஒரு மகளும் இருந்தால், அவர் போனில் வேலை செய்யாமல் போயிருக்கும்.