மல்லோ ஊர் மெட்டும் எட்டயபுரத்துச் சமாதியும்

வெளியூர் விருந்தாளி வந்தால் கோவில்பட்டிக்காரர்கள் எட்டயபுரத்துக்கு அழைத்துப் போவார்கள். பாரதி பிறந்த வீட்டையும் மணிமண்டபத்தையும் காட்டிவிட்டு, வரும் வழியில் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்து அனுப்புவார்கள். அதே ஊரில் முத்துசுவாமி தீட்சிதரின் சமாதி இருக்கிறது என்றால், "அவர் திருவாரூர்க்காரர் அல்லவா?" என்கிறார்கள். பிறந்தது திருவாரூர்தான், 1775-ல். அடங்கியது நம் கரிசலில்.

அவருடைய வாழ்க்கையில் சங்கீதக்காரர்கள் அதிகம் பேசாத ஒரு பக்கம் உண்டு. எனக்கு அதுதான் முதலில் பிடித்தது. இளமையில் அவர் குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் இருந்தது. ஆதரித்தவர்கள் மணலி முதலியார்கள். கம்பெனி துரைகளோடு பழகிய குடும்பம். அந்தத் தொடர்பால் தீட்சிதர் சகோதரர்களுக்குக் கோட்டையில் பாண்டு வாத்தியம் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தது. தம்பி பாலுசுவாமி ஒரு ஐரோப்பியரிடம் பிடில் கற்று, அதை நம் சங்கீதத்துக்குக் கொண்டு வந்தார். அண்ணன் எடுத்துக்கொண்டது மெட்டுகளை. துரைமார் பாட்டின் மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். அவைதாம் நோட்டுஸ்வர சாகித்யங்கள். நாற்பதுக்குப் பக்கம் இருக்கும்.

ஆங்கிலேய ராஜ வாழ்த்தின் மெட்டில் 'சந்ததம் பாஹிமாம்' இருக்கிறது. 'வந்தே மீனாட்சி'யின் கதை இன்னும் வேடிக்கை. அதன் மூலம் அயர்லாந்தில் கார்க் மாவட்டத்து மல்லோ என்ற சிற்றூரின் பெயரைத் தாங்கிய ஆட்டப்பாட்டு. அந்த ஊர் ஊற்றுநீருக்குப் பேர்போனது. அங்கே வந்து குடித்துக் கூத்தடித்த பணக்கார வீட்டு ஊதாரிப் பிள்ளைகளைப் பற்றிய பாட்டு அது. அந்த மெட்டில் மீனாட்சியை உட்கார வைக்க எத்தனை தைரியம் வேண்டும்!

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பள்ளியில் தோ ரே மி பாடிவிட்டு, வீட்டுக்கு வந்தால் அக்கா சரளி வரிசை பாடிக்கொண்டிருப்பாள். சங்கராபரணத்தில் பாடினால் இரண்டும் ஒன்றாகவே கேட்கும். தீட்சிதரும் இந்த மெட்டுகளை எல்லாம் சங்கராபரண ஸ்வரங்களில்தான் வைத்தார். கமகம் இல்லாமல் நேராகப் போவதால் சிறுபிள்ளைகளுக்கு எளிதில் வரும்.

பிறகு காசி, திருத்தணி, காஞ்சி, திருவாரூர், தஞ்சை, மதுரை என்று அலைந்தார். போன ஊர்த் தெய்வத்தின் மேல் பாடினார். 'குருகுஹ' என்பது அவர் முத்திரை. காசு பணத்தைத் தேடிப் போனவராகத் தெரியவில்லை. எட்டயபுரத்துக்கு அவரை வரவழைத்ததும் தம்பி பாசம்தான். பாலுசுவாமி இங்கே சமஸ்தான வித்வானாக இருந்தார்.

வரும் வழியில் காய்ந்து கிடந்த சீமையைப் பார்த்து மனம் பொறுக்காமல், அமிர்தவர்ஷிணி ராகத்தில் 'ஆனந்தாமிர்தகர்ஷிணி' பாடினார், மழை கொட்டியது என்பார்கள். சாத்தூரில் நடந்ததாகவும் சொல்வதுண்டு. நம்புவது அவரவர் விருப்பம். ஆனால் காவிரிக்கரையில் வளர்ந்த மனிதருக்கு நம் மானாவாரிக் காட்டைப் பார்த்ததும் என்ன தோன்றியிருக்கும் என்பது எனக்குப் புரிகிறது. நானும் வேலை கிடைத்து இங்கே வந்த முதல் கோடையில், இந்த மண்ணில் என்ன விளையும் என்று கேட்டவன்தான்.

1835-ல் நரக சதுர்த்தசி அன்று, சிஷ்யர்கள் 'மீனாட்சி மே முதம்' பாடிக்கொண்டிருக்கையில் உயிர் பிரிந்தது என்பது பரம்பரைச் செய்தி. கடைசியிலும் மீனாட்சிதான்.

அவர் போனபின் பாட்டுகளைக் காப்பாற்றியது யார்? இங்கேதான் நம் சீமைக்குப் பெருமை. பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரன் சுப்பராம தீட்சிதர். 1839-ல் பிறந்தவர், தாத்தாவுக்கே சுவீகாரப் பிள்ளையானவர். வீட்டில் இருந்ததையெல்லாம் ஸ்வரப்படுத்தி, கமகக் குறிகள் போட்டு, 1904-ல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெரிய நூலாகக் கொண்டு வந்தார். செலவு எட்டயபுரம் சமஸ்தானத்தினுடையது. அச்சடித்தது எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சுக்கூடம். முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகள் மட்டும் அதில் 229. ஃபைல்களோடு காலம் தள்ளிய எனக்கு, அறுபது வயது தாண்டிய மனிதர் அத்தனை ஸ்வரத்துக்கும் புரூஃப் பார்த்திருப்பாரே என்று நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது. தெலுங்கு எழுத்தில் வந்ததால் நம்மவர்கள் அதிகம் படிக்கவில்லை. தமிழ் எழுத்தில் பின்னாளில் சென்னை மியூசிக் அகாதெமி வெளியிட்டது.

1905-ல் பிள்ளைகளுக்காக ஒரு முதற்பாடப் புத்தகமும் போட்டார். நோட்டுஸ்வரங்கள் அதில்தான் இடம் பெற்றன. அடுத்த ஆண்டு அவர் காலமானபோது இரங்கற்பா எழுதியவர் வேறு யாருமல்ல, அதே எட்டயபுரத்துச் சுப்பிரமணிய பாரதி.