கேமரன் மலை பகாங்கில்தானே? அப்புறம் ஏன் பேரா வழியா போறோம்?

அடுத்த முறை கோலாலம்பூரிலிருந்து கேமரன் மலைக்குப் போகும்போது, போனில் இருக்கும் மேப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் சிலாங்கூரைத் தாண்டிப் பேராவுக்குள் நுழைவீங்க. தாப்பாவில் திரும்பி, வளைந்து வளைந்து மலையேறி, ரிங்லெட்டை நெருங்கும்போதுதான் பகாங் வரும்.

கேமரன் மலை பகாங்கின் ஒரு மாவட்டம். மாநிலத் தலைநகர் குவாந்தானோ கிழக்குக் கடற்கரையில் இருக்கிறது. ரொம்ப காலத்துக்கு, இங்குள்ள தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒருவர் சாலை வழியாகக் குவாந்தானுக்குப் போக வேண்டுமென்றால், முதலில் சொந்த மாநிலத்தை விட்டே வெளியேற வேண்டியிருந்தது!

இதுக்கு ஒரு பேர் இருக்கா?

இருக்கு. ஓர் இடம் முழுக்க முழுக்க வேறொரு நாட்டுக்குள் மாட்டிக்கொண்டால் அது ‘என்கிளேவ்’. நிலம் தாய்நாட்டோடு ஒட்டித்தான் இருக்கு, ஆனா சாலை மட்டும் பக்கத்து நாட்டு வழியாகத்தான் என்றால் அது ‘பீன்-எக்ஸ்கிளேவ்’. நம் வீட்டு மாடிக்குப் போக அடுத்த வீட்டுப் படிக்கட்டில் ஏறுகிற மாதிரி.

ஆஸ்திரியாவின் கிளைன்வால்சர்டால் பள்ளத்தாக்கு இதற்குப் பிரபலமான உதாரணம். அங்கே காரில் போக ஜெர்மனி வழியாக மட்டுமே முடியும். யூரோ வருவதற்கு முன்பு, ஆஸ்திரிய மண்ணிலேயே ஜெர்மன் மார்க்தான் புழங்கியது. நம்ம பக்கத்தில் புருணையின் தெம்புரோங் இன்னும் ஒரு படி மேலே: நடுவில் சரவாக்கின் லிம்பாங் புகுந்து, அதை நாட்டின் மற்ற பகுதியிலிருந்து பிரித்துவிடுகிறது. 2020-இல் கடல்மேல் பாலம் திறக்கும்வரை, சாலையில் போனால் பாஸ்போர்ட் முத்திரைதான்.

கேமரன் மலைக்குப் பாஸ்போர்ட் வேண்டாம், மாநில எல்லைதானே. ஆனாலும் கதை அதேதான்.

எல்லையை ஏன் அங்கே போட்டாங்க?

தித்திவங்சா மலைத்தொடர்தான் காரணம். முகட்டுக்கு மேற்கே விழும் மழை பேரா வழியாக மலாக்கா நீரிணைக்குப் போகும். கிழக்கே விழுந்தால் பகாங் ஆற்றில் சேர்ந்து தென்சீனக் கடலுக்கு. வரைபடம் போடுபவருக்கு இது வசதியான கோடு. அங்கே வாழ்பவருக்கு அப்படியில்லை. செமாய் பூர்வகுடி மக்கள் இந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் வாழ்கிறார்கள்.

வில்லியம் கேமரன் 1885-இல் இந்த எல்லைப் பகுதியை அளக்க வந்தவர்தான். பீடபூமியைப் பார்த்தார், ஆனால் வரைபடத்தில் சரியாகக் குறிக்காமல் விட்டுவிட்டார் என்பார்கள். மலைக்கு மட்டும் அவர் பேர் நிலைத்துவிட்டது.

ரயிலும் ஈயச் சுரங்க நகரங்களும் மேற்கில் இருந்ததால், சாலையும் தாப்பாவிலிருந்தே போடப்பட்டது. 1931-இல் அது தானா ராத்தாவை எட்டியது. 1929-இல் தொடங்கிய போ தேயிலை நிறுவனத்தின் சரக்கும், தோட்டங்களில் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களும் ஏறி இறங்கியது இந்தப் பேரா வழியில்தான்.

தண்ணீரும் இதே வழியில் போனதுதான் வேடிக்கை. பகாங் பக்கம் ஓட வேண்டிய பெர்த்தாம் ஆற்றை ரிங்லெட்டில் தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகப் பேரா பக்கம் திருப்பி மின்சாரம் எடுக்கிறார்கள். இது 1963-இலிருந்து நடக்கிறது. எந்தக் காரணத்துக்காக எல்லை போடப்பட்டதோ, அதையே சுரங்கம் மீறிவிட்டது.

சரி, இதனால யாருக்கு என்ன?

நிலம் மாநில அதிகாரத்தில் இருக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை அப்படித்தான் சொல்கிறது. தோட்டத்து வீட்டை விட்டு வெளியே வந்து சொந்தமாக ஒரு மனை வேண்டுமென்றால், பேச வேண்டியது பகாங் அரசிடம். பெரிய ஆஸ்பத்திரி என்றாலோ பக்கத்தில் இருப்பது பேராவின் ஈப்போ. அன்றாட வாழ்க்கை மேற்கே பார்க்கிறது, ஓட்டும் மனுவும் கிழக்கே போகின்றன. பேராவில் பல வருஷமா ஷாப்பிங் பண்ற ஒருத்தருக்கு, அங்குள்ள சட்டமன்றத்தில் குரல் கிடையாது.

இப்போது வேறு சாலைகளும் உண்டு. ரிங்லெட்டிலிருந்து சுங்கை கோயானுக்கு இறங்கும் சாலையில் போனால், பகாங்கை விட்டு வெளியேறாமலே குவாந்தான் போகலாம். வடக்கே கம்போங் ராஜா வழியாக இன்னொன்று. அங்கே மேற்கே திரும்பினால் பேராவின் சிம்பாங் பூலாய். கிழக்கே போனால் கிளந்தானின் லோஜிங், அப்புறம் குவா மூசாங். புளூ வேலி தேயிலைத் தோட்டம் இருப்பது இந்த மூலையில்தான். லோஜிங்கிலும் அதே குளிர், அதே மாதிரிக் காய்கறித் தோட்டங்கள். ஆனால் அங்கே நில அனுமதி கொடுப்பது கிளந்தான் அரசு.