ஹிப்போகேம்பஸ்

மூளையின் பொட்டு மடலுக்குள், இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாகச் சுருண்டிருக்கும் பகுதி ஹிப்போகேம்பஸ். பிரித்தெடுத்துப் பார்த்தால் கடற்குதிரையின் சாயல் தெரியும். 16ஆம் நூற்றாண்டில் இத்தாலிய உடற்கூற்றியலாளர் அரான்சி அந்த உயிரினத்தின் பெயரையே இதற்குச் சூட்டினார். அன்றாடம் நடப்பவற்றை நினைவில் பதிப்பதும், இடம் அறிந்து வழி காண்பதும் இதன் முக்கியப் பணிகள். ஆனால், மோப்ப உணர்வுக்கான உறுப்பு என்றே இதை நெடுங்காலம் கருதிவந்தனர்.

நினைவில் இதன் பங்கைத் தெளிவாக்கியது ஒரு மனிதருக்கு நேர்ந்த பேரிழப்பு. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி மொலைசன் கடுமையான வலிப்பு நோயால் அவதிப்பட்டவர். 1953இல், அவரது 27ஆம் வயதில், அறுவை மருத்துவர் வில்லியம் ஸ்கோவில் இருபுற ஹிப்போகேம்பஸிலும் பெரும்பகுதியைச் சுற்றியுள்ள திசுக்களோடு அகற்றினார். வலிப்பு குறைந்தது. பேச்சும் புத்திக்கூர்மையும் இளமைக்கால நினைவுகளும் தங்கின. புதிதாக நடந்தது மட்டும் சில நிமிடங்களுக்கு மேல் மனத்தில் நிற்கவில்லை. பல ஆண்டுகள் அவரை ஆராய்ந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர், ஒவ்வொரு சந்திப்பிலும் அவருக்குப் புதியவராகவே இருந்தார்.

மில்னர் வைத்த ஒரு சோதனை நினைவாற்றல் ஆய்வின் போக்கையே திருப்பியது. காகிதத்தில் இரட்டைக் கோட்டில் ஒரு நட்சத்திரம். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, இரு கோடுகளுக்கும் நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். முதலில் மொலைசனின் கை தடுமாறியது. மூன்றாம் நாள் சரளமாக வரைந்தார். முன்பு வரைந்ததாக மட்டும் அவருக்கு நினைவே இல்லை. நிகழ்ச்சிகளின் நினைவு வேறு, கைப்பழக்கம் வேறு என்பது இதனால் விளங்கிற்று. சைக்கிள் ஓட்டுவது போன்ற பழக்கங்களுக்குச் சிறுமூளையும் மூளையின் ஆழத்திலுள்ள நரம்புத் திரள்களும் துணைநிற்கின்றன.

வழி காண்பதில் இதன் பங்குக்கும் சான்றுகள் கிடைத்தன. எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கும் செல்கள் ஹிப்போகேம்பஸில் இருப்பதை ஆய்வாளர் ஜான் ஓ'கீஃப் 1971இல் கண்டறிந்தார். இதற்காக 2014ஆம் ஆண்டு நோபல் பரிசை ஆய்வாளர்களான மோசர் தம்பதியுடன் பகிர்ந்துகொண்டார். லண்டன் தெருக்களை மனப்பாடமாக அறிந்த டாக்சி ஓட்டுநர்களுக்கு இதன் பின்பகுதி பெரிதாக இருப்பதை 2000இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே தாக்கும் பகுதிகளில் இதுவும் ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன் நடந்த கல்யாணத்தை விவரமாகச் சொல்லும் பாட்டி, சற்றுமுன் காபி குடித்ததை மறந்து மறுபடி கேட்பது இதனால்தான். அதைப் பிடிவாதம் என்று எண்ணிக் கடிந்துகொள்ளாதீர்கள்; பதிவாகாத ஒன்றை அவர் நினைவுகூர வழியே இல்லை.