ஒரு மனிதரின் பெயரும் ஒரு பிராணியின் வாலும்

ஐக்கிய அமெரிக்காவின் விடுதலைப் பிரகடனத்தில் 1776ஆம் ஆண்டிற் கையொப்பமிட்டவர்களுள் எல்பிரிஜ் கெரி என்பவரும் ஒருவர். 1787இல் அரசியலமைப்பு வரையப்பட்டபோது, குடிமக்களின் உரிமைகளுக்கு அதில் உறுதியில்லையென்று குறை கூறிக் கையொப்பமிட மறுத்த மூவருள்ளும் அவர் ஒருவர். எனினும், அவர் பெயர் அகராதி ஏறியது இச்செயல்களாலன்று, தேர்தற் சூழ்ச்சியொன்றினாலேயாம்.

1812 பெப்ரவரியில் கெரி மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் ஆளுநராயிருந்தார். அவருடைய கட்சியினர் செனற் சபைத் தொகுதிகளின் எல்லைகளைத் தமக்கு வாய்ப்பாக மாற்றிச் சட்டம் இயற்றினர். எதிர்க்கட்சியான பெடரலிஸ்ற் கட்சியின் வாக்குகள் சில தொகுதிகளிற் குவிந்தும் ஏனையவற்றிற் சிதறியும் பயனற்றுப்போகுமாறு கோடுகள் கீறப்பட்டன. கெரி அச்சட்டத்திற் கையொப்பமிட்டார். இந்த முறை அவர் மறுத்திருந்தால் ஒரு சொல் பிறந்திராது.

எசெக்ஸ் பகுதியில் அமைந்த தொகுதியொன்று பாம்புபோல் வளைந்து கிடந்தது. மார்ச் 26ஆம் திகதி 'பொஸ்ரன் கசெற்' என்னும் பத்திரிகை, அதன் வரைபடத்துக்குச் சிறகும் நகமும் பல்லும் சேர்த்து ஒரு கொடிய விலங்காக வெளியிட்டது. சலமாண்டர் என்பது பல்லியை ஒத்த ஈரத்தோற் பிராணி. அதன் தலையை வெட்டி, ஆளுநரின் பெயரை ஒட்டி, 'கெரிமாண்டர்' என்று அவ்விலங்கிற்குப் பெயரிட்டனர். இதனை முதலிற் சொன்னவர் யார் என்பதிற் கதைகள் பல உள.

அவ்வாண்டுத் தேர்தலில் பெடரலிஸ்ற் கட்சிக்கு 51,766 வாக்குகளும், கெரியின் கட்சிக்கு 50,164 வாக்குகளும் கிடைத்தன. ஆசனங்களோ முன்னதற்கு 11, பின்னதற்கு 29! ஆனால், ஆளுநர் பதவிக்கு மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி. அங்கே வளைப்பதற்கு எல்லை ஏது? கெரி தோற்றார். மறு ஆண்டு உப சனாதிபதியாகி, 1814இல் அப்பதவியிலிருக்கும்போதே காலமானார்.

அவர் குடும்பப் பெயரின் முதலெழுத்து, 'கங்கை' என்பதன் முதலெழுத்தைப் போன்று ஒலிப்பது. உலகமோ அச்சொல்லை 'ஜெரிமாண்டர்' ஆக்கிவிட்டது. 'மாண்டர்' என்னும் அறுந்த வாலுக்குத் தனிப்பொருள் யாதுமில்லை. நம் இலக்கணப் புலவர்கள் இதனைத் தொகைச்சொல்லென ஒப்புவரோ என்பது ஐயமே. ஆயினும் அவ்வால் பிற பெயர்களிலும் ஒட்டிக்கொண்டது. அயர்லாந்தில் ஜேம்ஸ் ரலி என்னும் அமைச்சர் 1974இல் வகுத்த தொகுதிகளை 'ரலிமாண்டர்' என்றனர். 1977ஆம் ஆண்டுத் தேர்தலில் அத்தொகுதிகளே அவருடைய அரசாங்கத்தைக் கவிழ்க்கத் துணைபோயின. 148 ஆசனங்களுள் 84 எதிர்க்கட்சியின் கைக்குச் சென்றன.